சிங்கப்பூரில் தீயணைப்பு வீரருக்குச் சான்றிதழ் தருவது யார்?

துவாஸில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: "ஊரில் ஒரு வருட ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமா முடித்துவிட்டு இங்கே வொர்க் பெர்மிட்டில் வந்திருக்கிறேன். டெக்சாஸில் இருக்கும் என் மச்சான், அங்கே தீயணைப்பு வீரர்களுக்கு மாநில அரசின் ஆணையம் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுக்கிறது என்கிறார். சிங்கப்பூரில் அது எந்த அலுவலகம்? கம்பெனியில் என்னை சர்ட் என்கிற அவசரகாலக் குழுவில் சேர்த்துப் பயிற்சிக்கு அனுப்பப் போகிறார்கள். அது முடிந்தால் நானும் தீயணைப்பு வீரன்தானா அண்ணே?"

முதலில் நேரடிப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அப்படி ஓர் ஆணையம் இங்கே கிடையாது. சர்ட் பயிற்சி முடித்தால் உங்கள் கம்பெனியின் அவசரகாலக் குழுவில் ஓர் ஆளாவீர்கள், தீயணைப்பு வீரராக மாட்டீர்கள். ஊர் டிப்ளமாவை மட்டும் வைத்து இங்கே எந்தத் தீப்பாதுகாப்புத் தாளிலும் கையெழுத்துப் போட முடியாது. மூன்றுமே கொஞ்சம் கசக்கும். ஆனால் ஏன் இப்படி என்று தெரிந்தால், அடுத்து எந்தப் பக்கம் நகரலாம் என்பது உங்களுக்கே பிடிபடும். நான் கட்டாய தேசிய சேவையை எஸ்சிடிஎஃப்பில், அதாவது இங்கே தீயணைக்கும் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையில், செய்தவன். அப்புறம் பல வருடம் தொழிற்சாலைக் கட்டடங்களில் தீப்பாதுகாப்பு மேலாளராக இருந்தவன். சோதனைக்கு வருகிறவர்கள் பக்கமும் நின்றிருக்கிறேன், சோதிக்கப்படுகிறவர்கள் பக்கமும் நின்றிருக்கிறேன்.

உங்கள் மச்சான் சொன்னது சரிதான். டெக்சாஸில் 1969-லேயே தீயணைப்புப் பணியாளர்களின் தகுதியை வரையறுக்க ஒரு மாநில அமைப்பை ஏற்படுத்தினார்கள். இன்று அந்த வேலையை டெக்சாஸ் தீப்பாதுகாப்பு ஆணையம் செய்கிறது. அது ஏன் தேவைப்பட்டது என்பதைப் பாருங்கள். அமெரிக்காவில் 25,000-க்கும் மேற்பட்ட தீயணைப்புத் துறைகள் இருக்கின்றன. நகரத்துக்கு ஒன்று, கவுன்டிக்கு ஒன்று, சின்னக் கிராமத்துக்குக்கூட ஒன்று. வீரர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ஓர் ஊர்க்காரர் நன்றாகப் பழகியிருப்பார், பக்கத்து ஊர்க்காரர் குழாயைப் பிடித்து நான்கு நாள்தான் ஆகியிருக்கும். ஒருவர் ஊர் மாறி வேலை கேட்டுப் போனால், அவர் தேறியவரா என்பதை எதை வைத்துச் சொல்வது? அதற்குத்தான் என்எஃப்பிஏ என்ற அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் வகுத்த மாதிரிப் பொதுவான அளவுகோலும், அதை வைத்துத் தேர்வு நடத்த மாநில ஆணையமும். அதிலும் ஒரு ஓட்டை உண்டு. டெக்சாஸில் சம்பளம் வாங்கும் வீரருக்குத்தான் சான்றிதழ் கட்டாயம், தன்னார்வலர் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம். நெருப்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்று மச்சானிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்.

நம் ஊர் நிலவரம் வேறு. இந்தியாவில் தீயணைப்பு மாநிலங்களின் பொறுப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு 1985-இல் தனிச் சட்டம் வந்தது. தமிழ்நாடு தீயணைப்பு மீட்புப் பணித் துறையில் வீரராகச் சேர வேண்டுமானால் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வை எழுத வேண்டும், உடல் தகுதித் தேர்வில் ஓட வேண்டும், பிறகு துறையே பயிற்சி கொடுக்கும். அதிகாரிகள் நாக்பூரில் உள்ள தேசியத் தீயணைப்புக் கல்லூரிக்குப் போவார்கள். அது 1956-இலிருந்து நடக்கிறது. இந்தப் பட்டியலில் தனியார் நிறுவனத்தின் ஒரு வருட டிப்ளமா எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? அதை நான் குறை சொல்லவில்லை. அது தொழிற்சாலைப் பாதுகாப்பு வேலைக்கான ஆரம்பப் படிப்பு. ஆனால் பேருந்து நிலையச் சுவரொட்டியில் ஹெல்மெட் போட்ட வீரர் படத்தை அச்சடித்து விற்கும்போது, படிக்க வருகிற பிள்ளைகள் வேறு மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். ஊரிலேயே தீயணைப்பு நிலையத்துக்குள் நுழைவுச்சீட்டாக இல்லாத தாள், கடல் தாண்டி வந்ததும் எப்படி ஆகும்?

இப்போது சிங்கப்பூர். இங்கே மாநிலம், மாவட்டம் என்று எதுவும் இல்லை. ஒரே அரசு, ஒரே படை. சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை, உள்துறை அமைச்சின் கீழ் இயங்குகிறது. பழைய தீயணைப்புச் சேவையும் குடிமைத் தற்காப்புப் படையும் 1989-இல் ஒன்றாயின. 1986 மார்ச்சில் சிராங்கூன் ரோடு பக்கம் ஹோட்டல் நியூ வோர்ல்டு இடிந்து 33 பேர் இறந்ததை அந்தத் தலைமுறை மறக்காது. நெருப்பை அணைக்க ஓர் அமைப்பு, இடிபாட்டிலிருந்து மீட்க இன்னோர் அமைப்பு என்று பிரித்து வைத்திருப்பது சரிப்படாது என்பது அப்போது எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

ஒரே படை என்பதால் வீரரின் தகுதியையும் அந்தப் படையேதான் தீர்மானிக்கிறது. ஜாலான் பஹாரில் 1999-இல் திறந்த குடிமைத் தற்காப்புக் கழகம் இருக்கிறது. நிலையங்களில் நீங்கள் பார்க்கும் இளைஞர்களில் பெரும் பகுதியினர் இரண்டு வருட தேசிய சேவையில் இருப்பவர்கள். அடிப்படைப் பயிற்சி, அப்புறம் தீயணைப்பாளர் பயிற்சி, தேர்ந்தெடுக்கப்படுகிறவர்களுக்குப் பிரிவுத் தளபதி பயிற்சி என்று படிப்படியாகப் போகும். பிஏ செட்டை, அதாவது மூச்சுவிடக் காற்று தரும் சிலிண்டரை, முதுகில் மாட்டிக்கொண்டு இருட்டிலும் புகையிலும் தவழ்ந்து வெளியே வருவதுதான் எங்கள் காலத்தில் எல்லாரையும் கலங்கடித்த கட்டம். காற்று தீரப்போகிறது என்று விசில் அடிக்க ஆரம்பித்ததும் வகுப்பில் படித்ததெல்லாம் மறந்துபோகும், கை பழகியது மட்டும்தான் நிற்கும். அங்கே தேறியதற்கு நான் வெளியே காட்டித் திரிகிற மாதிரி உரிமம் எதுவும் கொடுக்கவில்லை. எதற்குக் கொடுக்க வேண்டும்? அதை எடுத்துக்கொண்டு போய் வேலை கேட்க இந்தத் தீவில் இன்னொரு தீயணைப்புத் துறை இல்லையே.

சரி, தானே பயிற்சி கொடுத்து, தானே தேர்வு வைத்து, தானே தேர்ச்சி சொல்லும் படையை யார் கேட்பது? நியாயமான கேள்வி. இதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை என்பதை மறைக்கவில்லை. 2018 மே மாதம் துவாஸ் வியூ தீயணைப்பு நிலையத்தில், சேவை முடிய சில நாளே இருந்த ஓர் இளைஞரைக் கேலிச் சடங்காகப் பம்ப் கிணற்றில் இறக்கியதில் அவர் மூழ்கி இறந்தார். தடை செய்யப்பட்ட பழக்கம், ஆனாலும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. தொடர்புடையவர்கள் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்கள். ஒரு சாவுக்குப் பிறகுதான் அது அம்பலத்துக்கு வந்தது என்பது இன்னமும் உறுத்துகிறது. 2022 டிசம்பரில் ஹெண்டர்சன் ரோட்டில் ஒரு வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் தீயை அணைக்கப் போன தேசிய சேவையாளர் ஒருவர் உயிரிழந்தார். தீயணைப்புப் பணியின்போது எஸ்சிடிஎஃப் இழந்த முதல் வீரர் அவர். இம்மாதிரி நேரங்களில் விசாரணைக் குழு, மரண விசாரணை நீதிமன்றம், நாடாளுமன்றக் கேள்வி ஆகியவைதான் வெளிக்கண். அன்றாட வெளிக்கண் என்று ஒன்று கிடையாது. ஒரு விதிவிலக்கு உண்டு. வெளிநாட்டு நிலநடுக்கங்களுக்குப் போகும் 'ஆப்பரேஷன் லயன்ஹார்ட்' குழுவை ஐக்கிய நாடுகளின் கீழ் இயங்கும் இன்சராக் அமைப்பு வெளியிலிருந்து ஆள் அனுப்பிச் சோதிக்கிறது. 2008-இல் 'கனரக' மீட்புக் குழு என்ற தரத்தை வாங்கினார்கள், அதன் பிறகு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி சோதனை. வெளியார் வந்து ஸ்டாப்வாட்சோடு நிற்கும்போது ஓர் அமைப்பு எப்படி நிமிர்ந்துகொள்கிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன். உள்ளூர்ப் பணிகளுக்கும் அப்படி ஒன்று இருந்தால் நல்லது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

விமான நிலையம் தனிக் கதை. சாங்கி விமான நிலைய அவசரச் சேவை எஸ்சிடிஎஃப் கிடையாது, விமான நிலையக் குழுமத்தின் ஆட்கள். அவர்களுக்கு மேலே சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். அதற்கும் மேலே அனைத்துலகத் தரம்: ஓடுபாதையின் எந்த முனைக்கும் மூன்று நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அமெரிக்காவில் உங்கள் மச்சான் பார்க்கிற மாதிரி, ஓர் அமைப்பு தீயை அணைக்க வேறோர் அமைப்பு அளக்கும் ஏற்பாட்டுக்கு இங்கே கிட்டத்தட்ட இதுதான் உதாரணம்.

இப்போதுதான் விஷயத்துக்கே வருகிறோம். வீரருக்கு வெளிச் சான்றிதழ் வைக்காத இந்த அரசு, படைக்கு வெளியே இருக்கிற எல்லாரையும் சான்றிதழால் கட்டிப்போட்டிருக்கிறது. கட்டடம் வரைகிறவர், கதவு செய்கிறவர், தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானே நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரைச் சோதிக்கிறவர், பெட்ரோல் லாரி ஓட்டுகிறவர், உங்கள் பட்டறையில் ஹோஸ் ரீலைப் பிடிக்கப் போகிறவர் என்று எல்லாரும் அதில் அடக்கம். தீயணைப்பு வண்டி எட்டு நிமிடத்தில் வந்துவிடும் என்பது இங்கே இலக்கு, பெரும்பாலும் வந்தும்விடுகிறது. ஆனால் அந்த எட்டு நிமிடம் யாருடையது? அங்கே இருக்கிறவர்களுடையது. சட்டம் முழுவதும் அந்த எட்டு நிமிடத்தைச் சுற்றித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இந்தப் புத்தி சும்மா வந்துவிடவில்லை. 1972 நவம்பரில் ராஃபிள்ஸ் பிளேசில் ராபின்சன்ஸ் கடை எரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் லிஃப்டில் சிக்கியவர்கள். கடையில் ஸ்பிரிங்க்ளர் இல்லை. வீரர்கள் எவ்வளவு தேறியவர்களாக இருந்தாலும், வெளியேற வழியில்லாத கட்டடத்தில் என்ன செய்ய முடியும்? கும்பகோணத்தில் 2004 ஜூலையில் 94 பிள்ளைகள் போனதும் அதே கதைதான். கூரையும் குறுகலான வழியும் சேர்ந்து எடுத்த உயிர்கள் அவை. அங்கே யாருடைய சான்றிதழை நீங்கள் கேட்பீர்கள்? அணைக்க வந்தவருடையதையா, அந்தக் கட்டடத்துக்கு அனுமதி கொடுத்தவருடையதையா?

1993-இன் தீப்பாதுகாப்புச் சட்டம்தான் இங்கே எல்லாவற்றுக்கும் வேர். கட்டடத்தை வரைகிற கட்டடக் கலைஞர் அல்லது பொறியாளர் 'தகுதிபெற்ற நபர்' என்ற பெயரில் எஸ்சிடிஎஃப்பிடம் தீப்பாதுகாப்பு வரைபடம் கொடுத்து ஒப்புதல் வாங்குவார். கட்டி முடித்த பிறகு அவரே "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட முடியாது. 'பதிவுபெற்ற ஆய்வாளர்' என்று தனியாக ஒருவர் வருவார். எஸ்சிடிஎஃப்பில் பதிவு செய்துகொண்ட அவர், அந்தக் கட்டடத்தை வரைந்ததிலோ கட்டியதிலோ சம்பந்தமே இல்லாதவராக இருக்க வேண்டும். அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தீப்பாதுகாப்புச் சான்றிதழ், சின்னச் சின்ன வேலை பாக்கி இருந்தால் தற்காலிக அனுமதி. சமைத்தவரே ருசி பார்த்துப் பரிசு கொடுத்துக்கொள்ளக் கூடாது என்கிற ஏற்பாடு. (படைக்கே இந்த விதியைப் போடவில்லை என்பதைத்தான் மேலே முணுமுணுத்தேன்.)

கட்டடத்தில் வைக்கும் பொருளுக்கும் சான்றிதழ் வேண்டும். தீத்தடுப்புக் கதவு, தீயணைப்பான், வெளிச்சுவரில் ஒட்டும் பலகை என்று ஒவ்வொன்றுக்கும் அங்கீகாரம் பெற்ற சான்றளிப்பு அமைப்பு ஒன்று சோதித்துத் தாள் கொடுக்கும். இந்தச் சங்கிலி எங்கே அறுந்தது என்பதற்கு 2017 மே மாதம் நடந்தது பாடம். தோ குவான் ரோட்டில் ஒரு தொழிற்கட்டடம் எரிந்தது. தீ உள்ளே ஏறியதைவிட வெளிச்சுவர்ப் பலகையில் வேகமாக ஏறியது. ஒருவர் உயிரிழந்தார். அந்தப் பலகை தீப்பாதுகாப்பு விதிக்குப் பொருந்தாதது என்று விசாரணையில் தெரிந்தது. அத்தோடு நிற்கவில்லை, தேடிப் பார்த்தபோது முப்பதுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் அதே சந்தேகம். ஆறே வாரத்தில் லண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்து 72 பேர் இறந்ததும், இங்கே யாருக்கும் தூக்கம் வந்திருக்காது. வரைபடம் சரி, தாள் சரி, கையெழுத்து சரி. சுவரில் ஒட்டியிருந்த பொருள் மட்டும் தாளில் இருந்த பொருள் இல்லை.

2019-இல் சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள். பழைய விதிப்படி கட்டிய கட்டடங்களையும் இன்றைய தேவைக்கு மேம்படுத்தச் சொல்லும் அதிகாரமும் அப்போதுதான் வந்தது. அதற்கு முன்னால் "அந்தக் காலத்து விதிப்படி கட்டினோம்" என்று சொன்னால் பேச்சு முடிந்துவிடும். வீடுகளில் 2018 ஜூன் முதல் புதிதாகக் கட்டுவதற்குப் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். என் பழைய வீவக வீட்டில் நானே வாங்கி மாட்டினேன். மீன் பொரிக்கும்போது அலறும், வீட்டுக்காரம்மா என்னைப் பார்ப்பார்.

கட்டி முடித்ததோடும் விடமாட்டார்கள். 200 பேருக்கு மேல் கூடும் பொதுக் கட்டடம் என்றால் ஆண்டுதோறும் 'ஃபயர் சர்டிஃபிகேட்' புதுப்பிக்க வேண்டும். பொறியாளர் ஒருவர் வந்து அலாரம், ரைசர் குழாய், பம்ப், ஸ்பிரிங்க்ளர் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துச் சான்று கொடுப்பார். ஒன்பது மாடி அல்லது அதற்கு மேல், அல்லது 5,000 சதுர மீட்டர், அல்லது 1,000 பேர் என்ற அளவை எட்டுகிற கட்டடத்துக்குத் தீப்பாதுகாப்பு மேலாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். எல்லாரும் எஃப்எஸ்எம் என்று சொல்வது அவரைத்தான். அங்கீகரித்த பயிற்சியை முடித்து எஸ்சிடிஎஃப்பின் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும். அவசரகாலத் திட்டம் எழுதுவது, ஒத்திகை நடத்துவது, படிக்கட்டில் அட்டைப்பெட்டி அடுக்கியவரோடு சண்டை போடுவது எல்லாம் அவர் வேலை. மூன்றாவதுதான் தினசரி வேலை.

சர்ட் என்பது கம்பெனியின் அவசரகால நடவடிக்கைக் குழு. எஃப்எஸ்எம் தேவைப்படும் கட்டடங்களிலும், எரியக்கூடிய திரவங்களை உரிமத்தோடு பெரிய அளவில் வைத்திருக்கும் இடங்களிலும் இந்தக் குழு கட்டாயம். பயிற்சியை எஸ்சிடிஎஃப் நேரடியாக நடத்தாது, அங்கீகாரம் பெற்ற தனியார் பயிற்சி நிறுவனங்கள் தேசியத் தொழில்திறன் முறையின் கீழ் நடத்தும். தீயணைப்பான் பயன்படுத்துவது, ஹோஸ் ரீல் இழுப்பது, முதலுதவி, ஆட்களை வெளியேற்றுவது ஆகியவை அடிப்படை. ரசாயனம் இருக்கிற இடமென்றால் பிஏ செட்டும் கூடுதலாக வரும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறுபயிற்சி.

இதில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தில் எஃப்எஸ்எம்மாகச் சேர்ந்த முதல் மாதம் சர்ட் கோப்பைப் புரட்டினேன். ஆறு பேர், ஆறு சான்றிதழ், ஒன்றும் காலாவதியாகவில்லை. கோப்பைப் பார்க்கிற எந்த அதிகாரியும் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். ஒருநாள் இரவு ஷிஃப்டில் சொல்லாமல் கொள்ளாமல் ஒத்திகை வைத்தேன். ஆறு பேரில் இரண்டு பேர் பெர்மிட் முடிந்து ஊருக்கே போய்விட்டார்கள். ஒருவரை வேறு சைட்டுக்கு மாற்றியிருந்தார்கள். ஒருவர் கல்யாண லீவு. ஒருவருக்குப் பகல் ஷிஃப்ட். மிச்சம் ஒரே ஒருவர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அலாரம் அடித்ததும் அவர் ஓடிவந்து என்னிடம், "அண்ணே, நான் மட்டும்தான் இருக்கேன், எந்தப் பக்கம் போகட்டும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அன்றைக்கு இன்னொன்றும் தெரிந்தது. அறிவிப்பு ஆங்கிலத்தில் மட்டும் வந்தது. இரவு ஷிஃப்டில் இருந்த முப்பது சொச்சம் பேரில் பாதிப்பேர் தமிழர்கள், மிச்சம் வங்காளிகளும் சீனர்களும். அலாரத்தை மெஷின் கோளாறு என்று நினைத்து வேலை பார்த்துக்கொண்டே இருந்தவர்கள் உண்டு. மறுவாரம் சர்ட் பாடத்தை நானே தமிழில் ஐந்து பக்கத்துக்கு எழுதினேன், வங்காளத்தில் ஒரு தம்பி எழுதிக் கொடுத்தார். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் பெயர்ப் பலகை மாட்டினேன்: இன்று இரவு யார், அவர் கைப்பேசி எண் என்ன என்று. சட்டம் அதைக் கேட்கவில்லை. சட்டம் கேட்டதை அந்தக் கம்பெனி ஏற்கெனவே செய்திருந்தது.

உங்களுக்குக் குழப்பம் தருகிற இன்னொரு விஷயம், இங்கே இரண்டு அமைச்சுகள் இருக்கின்றன. எஃப்எஸ்எம், சர்ட், எரிபொருள் உரிமம், பெட்ரோல் லாரி ஓட்டுநர் அனுமதி எல்லாம் உள்துறை அமைச்சின் கீழுள்ள எஸ்சிடிஎஃப். சேஃப்டி ஆபிசர் என்று நாம் சொல்கிற வேலையிடப் பாதுகாப்பு அதிகாரி மனிதவள அமைச்சில் பதிவு செய்துகொண்டவர். ஊர் டிப்ளமாவில் 'ஃபயர்', 'சேஃப்டி' இரண்டும் ஒரே அட்டையில் இருந்தாலும் இங்கே அவை இரண்டு கதவுகள். நீங்கள் வெல்டிங் பக்கம் வேலை செய்வதால் இரண்டாவது கதவு உங்களுக்கு இன்னும் பக்கம். 1978 அக்டோபர் 12 அன்று ஜூரோங் கப்பல் பட்டறையில் ஸ்பைரோஸ் என்ற எண்ணெய்க் கப்பலில், கட்டிங் டார்ச் பொறி எண்ணெய்த் தொட்டியின் ஆவியில் பட்டு வெடித்து 76 பேர் இறந்தார்கள். இன்றைக்கு வெல்டிங், கட்டிங் மாதிரி நெருப்புப் பொறி பறக்கும் ஹாட் வொர்க்குக்கு முன்னால் கேஸ் செக், பெர்மிட் தாள், பக்கத்தில் ஃபயர் வாட்ச் நிற்க ஓர் ஆள் என்றெல்லாம் உங்கள் சூப்பர்வைசர் நச்சரிக்கிறாரே, அந்த நச்சரிப்புக்குப் பின்னால் இருப்பது இம்மாதிரிச் சாவுகள்.

சரி, உங்கள் விஷயம். குடியுரிமை இல்லாமல் வொர்க் பெர்மிட்டில் இருந்துகொண்டு எஸ்சிடிஎஃப்பில் சேர வழியில்லை, அந்த ஆசையை விட்டுவிடுங்கள். பெர்மிட்டில் எழுதியிருக்கிற முதலாளியிடம், எழுதியிருக்கிற வேலையைத்தான் செய்ய முடியும். எனவே "எஃப்எஸ்எம் கோர்ஸ் முடித்தால் உடனே வேலை" என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். கோர்ஸ் உண்மையானதாக இருக்கலாம், 'உடனே வேலை'தான் பொய். சர்ட் பயிற்சிக்குக் கம்பெனி அனுப்புகிறது என்றால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். காசு உங்களுடையது இல்லை, கற்பது உங்களோடு வரும். அப்புறம் மெல்ல வேலையிடப் பாதுகாப்புப் படிப்புகளில் ஒவ்வொரு படியாக ஏறுங்கள். ஒருங்கிணைப்பாளர் நிலை, அதன் பிறகு அதிகாரி நிலை. வெல்டராக, ரிக்கராக இருந்து அந்தப் படியில் ஏறி, இன்று வொர்க் பெர்மிட்டுக்கு மேல்படியான எஸ் பாஸில் சேஃப்டி பார்க்கிற தமிழர்களை எனக்குத் தெரியும். நேர்காணலில் அவர்களுக்குக் கைகொடுத்தது பட்டறையில் நின்ற வருடங்கள்தான்.

"தீயணைப்பு வீரன்தானா" என்று கேட்டீர்கள். 2025 ஏப்ரல் 8 அன்று ரிவர் வேலி ரோட்டில் ஒரு கடைவீடு எரிந்தபோது, பக்கத்துக் கட்டுமானத் தளத்தில் இருந்த வெளிநாட்டு ஊழியர்கள் சாரத்தையும் ஏணியையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூன்றாம் மாடி விளிம்பில் நின்று அழுத பிள்ளைகளை, வண்டி வருவதற்குள் இறக்கினார்கள். ஒரு சிறுமியைக் காப்பாற்ற முடியாமல் போனது. அந்த ஊழியர்களில் தமிழர்களும் இருந்தார்கள். எஸ்சிடிஎஃப் பின்னால் அவர்களை அழைத்து விருது கொடுத்தது. அவர்களைத் தீயணைப்பு வீரர் என்று எந்தத் தாளும் சொல்லாது. சாரம் கட்டத் தெரியும், உயரத்தில் பயப்படாமல் நிற்கத் தெரியும், அதை வைத்துத்தான் அன்றைக்குப் பிள்ளைகளை இறக்கினார்கள்.

பயிற்சிக்குப் போய்த் திரும்பியதும் இரண்டு வேலை செய்யுங்கள். உங்கள் பட்டறையின் ஹோஸ் ரீலை ஒருமுறை கடைசிவரை இழுத்துப் பாருங்கள், வெல்டிங் பே வரை எட்டுகிறதா என்று. பல இடத்தில் நடுவில் ஏதாவது ரேக் வைத்திருப்பார்கள், எட்டாது. அப்புறம் உங்கள் ஷிஃப்டில் இன்னும் யார் யார் சர்ட் என்று கேட்டு, பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சித் தேதி உறுதியானால் சொல்லுங்கள், அந்த ஐந்து பக்கத் தமிழ்க் குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன்.